வெயிலில் காயப்போட்ட பஞ்சு

டொக்டரின் மீன்களை நான் கொல்லப் பார்த்தது ஒரு நத்தார் வாரத்தில், கிறிஸ்மஸ் சமயம். வேண்டுமென்று செய்யவில்லை. சுத்தம் செய்தேன், அவ்வளவுதான்.

பதுளையில் சிறுபிள்ளைகளுக்கான ஒரு கிளினிக்கில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். நம்பர் கொடுப்பது, கூட்டுவது, பிள்ளைகளைத் தராசில் நிறுத்துவது எல்லாம் நான்தான். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அதிகம் பேசமாட்டார், திட்டவும் மாட்டார். திட்டுகிற ஆளிடம் எனக்கு அவ்வளவு பயமில்லை. திட்டாதவர் மனசுக்குள் என்ன வைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

தாய்மார் காத்திருக்கும் அறையில் ஆறடி நீளத்துக்கு ஒரு மீன் தொட்டி. உள்ளங்கை அகலத்தில் ஐந்து வெள்ளி மீன்கள். அவற்றோடு ஒரு பெரிய ஆஸ்கார் மீன், கறுத்த உடம்பில் செம்மஞ்சள் திட்டுகள். ஊசி போட்டுக்கொண்டு அலறி வரும் பிள்ளை அதன் முன்னால் நின்றால் வாயை மூடிவிடும். தொட்டியில் டொக்டர் யாரையும் கைவைக்க விடுவதில்லை. தண்ணீர் மாற்றுவதும் அவர்தான், கீழே அலுமாரிக்குள் இருக்கும் ஃபில்டரைக் கழுவுவதும் அவர்தான்.

நத்தாருக்கு முந்தைய வாரம் அவர் ஊருக்குப் புறப்பட்டார்.

"சாப்பாடு மட்டும் போட்டாக் காணும். வேற ஒண்டும் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கிளினிக் பூட்டிக் கிடந்தது. எனக்கோ நத்தார் வந்தால் கை சும்மா இருக்காது. ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்த லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நத்தாருக்கு முன் பாய், தலையணை, சட்டி, பெட்டி எல்லாம் வாசலுக்கு வரும். கழுவாமல் ஒன்றும் உள்ளே திரும்பாது. அந்தப் புத்தி எனக்கு. திரைச்சீலைகளைக் கழற்றினேன். தாய்மார் உட்காரும் வாங்குகளைத் தேய்த்தேன். கடைசியில் தொட்டிக்குக் கீழே இருந்த அலுமாரியைத் திறந்தேன்.

ஃபில்டர் என்பது ஒரு மூடிபோட்ட வாளி. உள்ளே நான்கு பஞ்சுகள், ஒரு வலைப்பை நிறையப் பீங்கான் வளையங்கள். எல்லாவற்றிலும் காப்பி நிறத்தில் வழுவழுவென்று ஏதோ படிந்திருந்தது. சீ என்று ஆகிவிட்டது. சின்னப் பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் இவ்வளவு அழுக்கை மறைத்து வைத்திருக்கிறாரே என்று டொக்டர்மேல் கோபம்கூட வந்தது.

ஒரு வாரமாக மழை. குழாய்த் தண்ணீர் கலங்கி வந்ததால் குளோரினை அள்ளிப் போட்டிருந்தார்கள் போல. வாடை மூக்கைத் துளைத்தது. எனக்கு அந்த வாடை என்றால் சுத்தம். பஞ்சுகளைக் குழாயடியில் வைத்து, பிழிந்த தண்ணீர் வெள்ளையாக வரும்வரை பிழிந்தேன். வளையங்களை, கிளினிக்கில் பழகிய பழக்கம், ஒரு பெரிய சட்டியில் போட்டு அவித்தேன். அன்றைக்கென்று வெயிலும் எறித்தது. திரைச்சீலைக்குப் பக்கத்தில் பஞ்சுகளையும் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். பின்னேரம் எல்லாவற்றையும் பழையபடி பூட்டி ஓடவிட்டபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் தொட்டியைப் பார்க்கவேண்டுமே! உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு தெளிவு. டொக்டருக்குக் காட்ட ஃபோனில் படம் எடுத்துவைத்தேன்.

சனிக்கிழமை மீன்கள் சாப்பிடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து பார்த்தேன். ஒரு வெள்ளி மீன் அடியில் சரிந்து கிடந்தது. மற்றவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆஸ்காரின் செவுள் ஓரம் சிவந்திருந்தது. செத்ததைப் பேப்பரில் சுற்றிப் பின்பக்கம் புதைத்தேன். புதைத்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். அன்றைக்கு நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தொட்டித் தண்ணீர் அப்போதும் தெளிவாகவே இருந்தது.

திங்கள் காலை டொக்டர் வரும் நாள். ஏழரைக்கே வாங்குகள் நிறைந்துவிட்டன. பின்னால் போய் நின்று, பஜாரில் மீன் விற்கும் கடைக்காரருக்கு ஃபோன் போட்டேன்.

"பஞ்ச எதுல கழுவுனீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

"பைப்புலங்க. வெயில்ல காயவச்சேன். வளையத்த அவிச்சேன்."

கடைக்காரர் உச்சுக் கொட்டினார்.

"அந்த வழுவழுப்புதாங்க தண்ணிய நல்லா வச்சிருக்கு. அது பூரா உசுரு. மீனு கழிக்கிற நஞ்ச அதுதான் திங்கிறது. நீங்க அத கொன்னுட்டீங்க. இப்ப மீனு அதோட நஞ்சுலயே நிக்குது, கண்ணுக்குத் தெரியாது. நம்ம தொட்டியில இருக்க அழுக்குப் பஞ்ச கொண்டாறேன். அதுக்கு முன்ன பாதித் தண்ணிய மாத்துங்க, குளோரின முறிக்கிற மருந்து போட்டு. உடனே செய்யுங்க. பெரிய மீனு மத்தியானம் வரைக்கும் தாங்காது."

அந்த மருந்து டொக்டரின் அறை அலுமாரியில் இருந்தது. சாவி அவர் பையில்.

முன்னறைக்கு வந்தபோது டொக்டர் வந்து தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வடிவா இருக்கு. தண்ணி இப்பிடித் தெளிஞ்சு நான் பாத்ததே இல்லை" என்றார், எல்லோரும் கேட்க. ஆஸ்கார் மேலே வந்து வாயைத் திறந்தது. "என்னைத் தேடியிருக்கு போல."

தாய்மார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கக்கேடு, சிரித்தேன்.

தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் வைத்துத்தான் பிழை செய்தவர்களைக் கேள்வி கேட்பார்கள், அத்தனை பேர் முன்னாலும். என் அம்மா அப்படி நின்றதைப் பார்த்திருக்கிறேன். அம்மாவை வேலை கொடுக்காமல் திருப்பி அனுப்பிய நாட்களில் வீட்டில் யாரும் பேசமாட்டோம். இப்போது வாங்குகளில் பதினைந்து பேர். டொக்டர் அறைக்குள் போகும்வரை பொறுப்போம் என்று நினைத்தேன். போனால் முதல் நம்பரைக் கூப்பிடுவார், பிறகு மத்தியானம்தான். ஆஸ்கார் மறுபடி வாயைத் திறந்தது.

"தண்ணி நல்லா இல்லைங்க டொக்டர்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொன்னேன். "தண்ணி கெட்டுப்போச்சுங்க. நான்தான் கெடுத்தேன். ஒரு மீன் செத்துருச்சு. பொதச்சிட்டேன்."

பஞ்சு, குழாய், சட்டி, கொடி, கடைக்காரர் சொன்னது எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஆஸ்காரின் செவுளைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வாளியை எடும்" என்றார்.

நோயாளிகளை அரை மணி நேரம் காக்கவைத்து, மருந்து கலந்து, இருவரும் தண்ணீர் அள்ளினோம். கடைக்காரரின் அழுக்குப் பஞ்சும் வந்து சேர்ந்தது. இன்னும் இரண்டு வெள்ளி மீன்கள் போயின. ஆஸ்கார் பிழைத்தது. தண்ணீர் அரிசி கழுவியதுபோல் வெளுத்து, இரண்டு வாரம் அப்படியே கிடந்தது. என்ன டொக்டர் இது, இவ்வளவு ஊத்தை என்று தாய்மார் கேட்டால், "கிடக்கட்டும்" என்பார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தினமும், இன்றைக்கு வேலையிலிருந்து நிற்கச் சொல்வார் என்று எண்ணிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

மாசி மாதம் ஒரு நாள் தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் அள்ளி என் முன்னால் வைத்தார்.

"இனிமேல் ஃபில்டரை நீர்தான் கழுவ வேணும். இந்தத் தண்ணியில ரெண்டு தரம் அமத்தி எடும். அவ்வளவும் காணும்."

இரண்டு முறை அமுக்கினேன். பஞ்சு காப்பி நிறத்திலேயே இருந்தது. வழுவழுப்பு விரலில் ஒட்டியது. மூன்றாம் முறை அமுக்கக் கை துடித்தது, அடக்கிக்கொண்டேன். கழுவ எடுத்த ஒரு பொருளை அழுக்கோடே திருப்பி வைத்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. மூடியைப் பூட்டினேன். அவர் பக்கத்திலேயே நின்றார்.