ஒட்டடைக்குச்சிக்கு வந்த மதிப்பு

ஒட்டடைக்குச்சி என்ற பெயரைப் பெரியக்கா முதன்முதலில் கேட்டது, தன் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக நின்றபோது. தம்பி வேகமாக உள்ளே வந்தான்.

"அக்கா, சின்னவளுக்கு ஒரு மாப்பிள்ளை பாத்திருக்கேன். எங்க பாஸ்கெட்பால் டீம்லதான் ஆடுறாரு. நல்ல உயரம். எல்லாரும் ஒட்டடைக்குச்சின்னுதான் கூப்பிடுவாங்க."

"நாம தேடுறது மாப்பிள்ளையா, வீட்டுச் சாமானாடா?" என்றாள் பெரியக்கா.

கேட்டாளே தவிர, விசாரித்ததில் ஆள் தூரத்து உறவாகவே இருந்தார். அவளுடைய ஓரகத்திக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன். அந்தக் குடும்பத்துக்கே நெட்டை பரம்பரைச் சொத்து. அவருடைய பெரியப்பா போன வீட்டிலெல்லாம் நிலைப்படியில் நெற்றியை இடித்துக்கொண்டு, கடைசியில் கல்யாணங்களுக்குக்கூட வாசலில் நின்றே மொய் எழுதிவிட்டுத் திரும்பியவர். பெற்றவர்கள் போனபிறகு தம்பியையும் தங்கையையும் ஆளாக்கியவள் பெரியக்காதான். அவள் சரி என்றாள், கல்யாணம் முடிந்தது.

ஒட்டடைக்குச்சிக்குப் பெயிண்ட் கம்பெனியின் கிடங்கில் டின் ஏற்றி இறக்கும் வேலை. அதுவும் தற்காலிகம். கம்பெனி டீமில் ஆடும்வரைதான் வேலை. டீமை விட்டுப் போனால் சம்பளமும் போச்சு. கோச் யார் என்றால் தம்பியேதான். ஆகையால் மச்சானின் பிழைப்பு மைத்துனன் கையில் இருந்தது.

மச்சானுக்கு உயரம் வந்த அளவு உடம்பு வரவில்லை. வளையத்துக்குக் கீழே எதிரணித் தடியன் முழங்கையால் லேசாக ஒதுக்கினால் போதும், கொடியில் காயும் சட்டை மாதிரி ஒரு பக்கமாகப் போய்விடுவார். அதனால் தம்பி ஒரு வழி கண்டுபிடித்தான். எதிரணியின் பெரிய ஆள் தண்ணீர் குடிக்க உட்காரும் நேரம் பார்த்து மச்சானை உள்ளே அனுப்புவான். அந்த ஆள் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தால், மச்சானை வெளியே இழுத்துவிடுவான். டீமின் துணிகளை வெளுப்பது பெரியக்காவின் கடை. மற்றவர்கள் பனியனைப் பிழிந்தால் வாளி நிறையும். ஒட்டடைக்குச்சியின் பனியன் அவள் போட்ட இஸ்திரி மடிப்புக் கலையாமல் திரும்பி வரும். தங்கை புருஷன் ஆயிற்றே என்று அதையும் ஒரு முறை தண்ணீரில் காட்டி எடுப்பாள்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் முதலாளியின் மருமகன் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார். பந்தாட்டத்தையும் மடிக்கணினியில்தான் பார்ப்பார் என்பதால் அவருக்குக் கணக்கு மாப்பிள்ளை என்று பெயர் விழுந்தது. டீமில் பாதிப் பேரைக் கழிப்பது, மதிப்புள்ளவருக்கு வேலையை நிரந்தரமாக்குவது என்று அவர் முடிவெடுத்தார். இனி மச்சான் கதி அதோகதிதான் என்று தம்பி சோறு இறங்காமல் கிடந்தான். ஒருநாள் கணக்கு மாப்பிள்ளை அவனைக் கூப்பிட்டுவிட்டார். போனவன் பேயடித்தவன்போலத் திரும்பி வந்தான்.

"அக்கா, கணக்குப்படி டீம்லயே பெரிய ஆளு மச்சான்தானாம்!"

"எந்தக் கணக்குப்படி?"

"ஒருத்தர் உள்ள இருக்கறப்ப நாம எவ்வளவு பாயிண்ட் எடுத்தோம், எதிராளி எவ்வளவு எடுத்தான்னு கழிச்சுப் பாக்கறாரு. மச்சான் நின்னப்பல்லாம் நாமதான் கூட எடுத்திருக்கோம்."

"இருக்காதா பின்னே? எதிராளியோட பெரிய ஆளை உக்கார வெச்சுட்டு எங்கிட்ட பந்தைக் குடு, நானும் கூட எடுப்பேன்."

"கேளு. 'இவர் பந்தைத் தொடாமலே ஜெயிக்க வைக்கிறார், இவரை ஏன் கொஞ்ச நேரம் மட்டும் ஆட விடறீங்க'ன்னு எம்மேல பாயறாரு. துறைமுகம் டீமோட ஆடறப்ப மச்சான் முழு ஆட்டமும் நிக்கணுமாம். அதுலயும் கணக்கு சரியா வந்தா வேலை நிரந்தரம். இல்லைன்னா வீட்டுக்கு."

துறைமுகம் டீமில் கிரேன் என்று ஒருவன் இருந்தான். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பார்த்தாலே புரிந்துவிடும்.

"உண்மையைச் சொல்லிடட்டுமாக்கா?"

"சொல்லேன். சொல்லிட்டு உன் மச்சானையும் சின்னவளையும் இங்கயே கூட்டிட்டு வா. மூணு பேருக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி பத்துமான்னு பாக்கலாம்."

தம்பி அங்கேயே உட்கார்ந்து, துறைமுகம் ஆட்டத்துக்கான பட்டியலில் மச்சான் பெயரை முதலில் எழுதினான்.

ஆட்டத்தன்று காலையில் ஒட்டடைக்குச்சி பனியன் வாங்க வந்து, வாசலில் குனிந்தபடியே நின்றார். "பயமா இருக்குக்கா."

"வேலை போனா வேற பாத்துக்கலாம் மாப்பிள்ளை. எலும்பு போனா எங்க போய் வாங்குவீங்க? அவன் மேல வந்தான்னா வீம்புக்கு எதுத்து நிக்காதீங்க. பட்டதும் விழுந்துடுங்க."

"சரிக்கா. விழுந்துடறேன்."

சொன்ன சொல் தட்டாத மனிதர். இரண்டு கிலோ வெங்காயம் என்று சின்னவள் சொன்னால், கூடுதலாக விழுந்த ஒரு வெங்காயத்தைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவார்.

ஆட்டம் தொடங்கியதும் கிரேன் இரண்டு மூன்று முறை அவர் தலைக்கு மேலேயே பந்தைப் போட்டான். பிறகு பந்தோடு திரும்பியபோது தோள் பட்டது. ஒட்டடைக்குச்சி விழுந்தார். அவ்வளவு நீளமான ஆள் விழுவதற்கு நேரம் பிடிக்கும் அல்லவா, மைதானமே பார்த்தது. நடுவர் விசில் ஊதி, தப்பு கிரேன்மேல் என்றார். மறுபடி வந்தான்; மறுபடி விழுந்தார்.

"நான் தொடவே இல்ல சார்! காத்தடிச்சாலே விழறான் சார் இவன்!" என்று கிரேன் கத்தினான்.

கத்தக் கத்த அவனுக்குக் கோபம் ஏறியது. நாலாவது முறை நிஜமாகவே தள்ளினான். ஐந்து தப்பு செய்தவன் வெளியே போகவேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். ஐந்தாவதற்கு ஒட்டடைக்குச்சி அதிகம் சிரமப்படவில்லை, கிட்டே போய் நின்றார், அவ்வளவுதான். கிரேன் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு எதிரே பெரிய ஆள் இல்லை. ஒட்டடைக்குச்சிக்கு அது பழகிய இடம். பெயிண்ட் கம்பெனி ஜெயித்தது.

கணக்கு மாப்பிள்ளை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "பாத்தீங்களா? இன்னிக்கும் இவர்தான் முதல்! கண்ணு ஏமாத்தும் கோச், நம்பர் ஏமாத்தாது."

"ஆமா சார், எங்களுக்குத்தான் கண்ணு தெரியல" என்றான் தம்பி, சிரிப்பை முகத்தில் காட்டாமல். விழுந்ததைக் குறிக்க அந்தக் கணக்கில் இடமே கிடையாது.

அன்று சாயங்காலம் வந்த மூட்டையில் ஒரு பனியன் முழங்கைப் பக்கம் கிழிந்து, மண்ணும் வியர்வையுமாக நாறியது. யாருடையது என்று பெரியக்கா எண்ணைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு பங்கு சோப்பு போட்டு ஊறவைத்தாள்.

கணக்கு மாப்பிள்ளை இந்த ஒரு கண்டுபிடிப்பைச் சொல்லியே பெரிய டீம் ஒன்றுக்கு ஆலோசகராகப் போய்விட்டார். ஒட்டடைக்குச்சி இப்போது அதே கிடங்கில் நிரந்தர ஆளாக இருக்கிறார். மேல்தட்டு டின்களை ஏணி இல்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்.