எஞ்சின் கட்டித்தர ஒருவரைத் தேடி 645 கிலோமீற்றர்

போன ஒக்டோபரில், 2006 இலையுதிர்கால விடுமுறையில், நானும் மனைவி மாலதியும் இரண்டு நாள் பயணம் போனோம். மலை பார்க்கவோ கோட்டை பார்க்கவோ இல்லை. கழற்றிய கார் எஞ்சின் ஒன்றை வாடகைக்கு எடுத்த வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அதைத் திரும்பக் கட்டித்தரக்கூடிய ஆளைத் தேடிப் போனோம். ஜெர்மனியில் மசில் கார் எனப்படும், பெரிய எஞ்சின் பூட்டிய பழைய அமெரிக்கக் கார் வைத்திருக்கிற தமிழர் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் இருந்தாலும் அவருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கார் மாலதியுடையது. நான் டோர்ட்முண்டில் பஸ் ஓட்டுகிறவன். சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தவேண்டும், எஞ்சினைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரியும். மாலதி கடைசல் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்து, பன்னிரண்டு வருடமாகத் தொழிற்சாலையில் இரும்பு கடைகிறா. பதினாலு வயதில் ஜெர்மனிக்கு வந்து அகதி விடுதியில் இருந்த காலத்தில், அந்தத் தெருவால் அமெரிக்கச் சிப்பாய் ஒருவரின் கார் போகுமாம். "சத்தம் வயித்துக்குள்ள கேக்கும்" என்று சொல்லுவா. 2005இல், நாடு திரும்பிக்கொண்டிருந்த வேறொரு சிப்பாயிடம் 1969ஆம் ஆண்டுக் கார் ஒன்றை வாங்கினா. எட்டு சிலிண்டர். எந்தக் கம்பெனி என்று எழுதினால் பின்னூட்டத்தில் சண்டை தொடங்கிவிடும், விடுங்கள்.

மூன்றாம் மாதமே நீலப் புகை, கொதிப்பு. மாலதி தானே எஞ்சினைக் கழற்றினா. ஆனால் தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து அளவு கூட்டுவதற்கு அதற்கென்றே இயந்திரம் வேண்டும், பழகிய கையும் வேண்டும். சிலிண்டர்கள் இருக்கிற இரும்புக் கூட்டை புளொக் என்பார்கள். எங்கள் புளொக்கில் பொறித்த இலக்கமும் காரின் இலக்கமும் ஒன்று. யாராவது அதைக் கெடுத்துவிட்டால் இன்னொன்று கிடைக்காது. அந்தப் பயத்திலேயே ஒரு வருடம் அது எங்கள் நிலவறையில் கிடந்தது.

புதன்கிழமை காலை 6.40க்குப் புறப்பட்டோம். வான் வாடகை இரண்டு நாளைக்கு 118 யூரோ. கொலோனுக்குப் பக்கத்திலிருந்த முதல் பட்டறை 95 கிலோமீற்றர். A1 நெடுஞ்சாலையில் நெரிசல், போய்ச் சேர 8.25.

ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளைத் தரை, வாசலிலேயே குரோம் பூசிய எஞ்சின் ஒன்று. உரிமையாளர் நல்ல கோப்பி தந்தார். வானுக்குள் எட்டிப் பார்த்து, "எட்டையும் ஒன்றரை மில்லிமீற்றர் கூட்டிக் கடைவோம், புதுப் பிஸ்டன், ஆறு கிழமை" என்றார். மாலதி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் என்னைப் பார்த்தே பதில் சொன்னார். சிலிண்டர்ச் சுவர் எவ்வளவு தடிப்பு என்று கேட்டபோது சிரித்தார். "அந்தக் காலத்து இரும்பு, போதுமான அளவு இருக்கும்."

எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. எஞ்சினைக் கட்டியிருந்த வார்ப்பட்டையை அவிழ்க்கவும் தொடங்கிவிட்டேன். மாலதி என் கையைப் பிடித்தா. "இறக்காதேங்கோ."

வானுக்குள் ஏறியதும் வாக்குவாதம். "ஆறு கிழமையில தாறன் எண்டு சொல்லுறார். உமக்கு வேற என்ன வேணும்?" என்றேன்.

"அந்தாள் ஒரு இடத்திலயும் அளந்து பாக்கேல்லை. நான் ஒரு சின்னத் துண்டைக் கடையவே மூண்டு தரம் அளப்பன்."

 A61இல் ஒரு தரிப்பிடத்தில் பாணும் சம்பலும் சாப்பிட்ட பிறகுதான் கொஞ்சம் இளகினோம்.

இரண்டாவது பட்டறை, கொலோனிலிருந்து 90 கிலோமீற்றர் தள்ளி, ஐஃபல் மலைப் பக்கம் ஒரு கிராமத்தில். பிற்பகல் ஒரு மணிக்கு டெர்மின், அதாவது முன்கூட்டியே கேட்டு வைத்த நேரம். உரிமையாளர் ஹெர் (திரு) லோரன்ஸ் ஒல்லியான, பேச்சுக் குறைந்த மனிதர். கை கொடுத்தார், புளொக்கைப் பாரந்தூக்கியால் மேசைக்கு ஏற்றினார், துடைத்தார், பிறகு அளக்கத் தொடங்கினார். மேலே, நடுவே, கீழே, குறுக்கே, நெடுக்கே. மாலதி பக்கத்தில் நின்று ஒவ்வொரு இலக்கத்தையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தா. நாலாவது சிலிண்டரில் அவர் அளவுகோலை அவவின் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அவ அளந்தா, அவர் பென்சிலால் எழுதினார். நான் வெளியே போய் ஆடுகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கடைசியில், ஒலி அலையால் சுவரின் தடிப்பைக் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை எடுத்தார். ஏழாவது சிலிண்டரில் ஓரிடத்தில் கை நின்றது. மூன்று தரம் வைத்துப் பார்த்தார். 2.4 மில்லிமீற்றர். வருடக்கணக்காகத் தண்ணீர் நின்று வெளிப்பக்கத்தைத் துரு தின்றிருக்கிறது என்றார். ஒன்றரை மில்லிமீற்றர் கூட்டிக் கடைந்திருந்தால்? மாலதி கேட்டா. "கொஞ்ச நாள் ஓடியிருக்கும். பிறகு சுவர் பிளந்திருக்கும்."

காலையில் நான் பட்டையை அவிழ்த்தது நினைவுக்கு வந்தது.  மாலதி ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

வழி இருக்கிறது என்றார் லோரன்ஸ். அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் புது இரும்புக் குழாய் இறுக்கவேண்டும், மற்றவற்றுக்கு அரை மில்லிமீற்றர் போதும். "அப்ப உங்களிட்டயே விடுறம்" என்று மாலதி ஜெர்மனில் சொன்னா. அவர் தலையை ஆட்டினார். "என்னால் முடியும். ஆனால் பீட்டர்ஸ் இதை என்னைவிட நன்றாகச் செய்வார்." அளவுகள் எழுதின தாளையும், கைசர்ஸ்லவுட்டர்ன் பக்கம் ஒரு விலாசத்தையும் தந்தார். இருவரும் ஒருகாலத்தில் ஒன்றாகப் பட்டறை நடத்தியவர்களாம். பதினொரு வருடமாகப் பேச்சில்லை. "நான் அனுப்பினதாகச் சொல்லவேண்டாம்." மூன்று மணித்தியாலம் அளந்ததற்கு ஒரு சதமும் வாங்க மறுத்தார்.

அன்று அதே கிராமத்தில் தங்கினோம். இருவருக்கு அறையும் காலைச் சாப்பாடும் 46 யூரோ. வியாழன் 8 மணிக்குப் புறப்பட்டு, 150 கிலோமீற்றர் ஓடி, பத்துக்கு முன்னரே மூன்றாவது பட்டறைக்குப் போனோம். அமெரிக்கப் படைத்தளத்துக்குக் கிட்ட என்பதால் றோட்டிலேயே இப்படியான கார் இரண்டைக் கண்டோம். மாலதி கண்ணாடியை இறக்கிச் சத்தம் கேட்டா.

ஹெர் பீட்டர்ஸ் பெரிய உடம்புக்காரர், குரலும் பெரிது. முதல் கேள்வியே, "உங்களை அனுப்பியது யார்?"

"சொல்லவேண்டாம் எண்டு கேட்டவர்" என்றா மாலதி. அளவுத் தாளை நீட்டினா. அதில் பெயர் இல்லை, வெறும் பென்சில் இலக்கங்கள்.

அவர் தாளை யன்னலடிக்குக் கொண்டுபோனார். எங்களுக்கு முதுகைக் காட்டியபடி இலக்கங்களில் விரலை ஓட்டினார். சரி, இனி டோர்ட்முண்டுக்குத் திரும்பவேண்டியதுதான் என்று நினைத்தேன். மாலதி மெதுவாக, "நீங்கள் தன்னைவிட நல்லாய்ச் செய்வீங்கள் எண்டு சொன்னவர்" என்றா.

அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. உதவியாளர் அளவுகோல்களோடு வந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினார். "இந்தக் கை எழுதினதை நான் திரும்ப அளக்கமாட்டேன்." பிறகு, "ஏப்ரலில் வாருங்கள்" என்றார். புளொக்கை இறக்க நான்தான் பட்டையை அவிழ்த்தேன். இந்த முறை மாலதியைப் பார்த்துவிட்டு.

வீட்டுக்கு 310 கிலோமீற்றர். மாலை நாலுக்கு வந்து சேர்ந்தோம். டீசல் மொத்தம் 74 யூரோ. எஞ்சின் வேலைக்கு எவ்வளவு என்று மாலதி போடவேண்டாம் என்றுவிட்டா.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். டெர்மின் இல்லாமல் போகாதேங்கோ. புளொக் நூறு கிலோவுக்குக் கிட்ட வரும், நாலு பட்டையாவது போட்டு இறுக்குங்கோ. விலையைக் கேட்க முதல், எதை எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கோ. பளபளப்பைப் பார்த்து முடிவெடுக்காதேங்கோ, இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்களோடு வருகிறவருக்கு உங்களைவிட விசயம் தெரிந்தால், அவர் சொல்வதைக் கேளுங்கோ. வேலையையே எடுக்காமல் திருப்பி அனுப்பிய ஒருவருக்குத்தான் நாங்கள் கூடுதலாகக் கடமைப்பட்டிருக்கிறோம். அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் நேரத்தை மதியுங்கோ.

ஏப்ரலில் எஞ்சினைக் கொண்டுவந்து மாலதி தானே காரில் ஏற்றினா. முதல் நாள் எண்பது கிலோமீற்றர், புகையும் இல்லை, கொதிப்பும் இல்லை. வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு அவ கொஞ்ச நேரம் அழுதா. பிறகு ஹெர் லோரன்ஸுக்குத் தொலைபேசி எடுத்து நன்றி சொன்னா.

"எண்ணெய் அழுத்தம்?" என்று கேட்டார்.

"சூடான பிறகும் இரண்டு பார் அளவுக்குக் குறையேல்லை."

"நல்லது."  தொலைபேசியை வைத்துவிட்டாரோ என்று நினைத்தோம். பிறகு, "அவர் சுகமாக இருக்கிறாரா?"

"ஓம், சுகமாய் இருக்கிறார். அவரின்ர தொலைபேசி இலக்கம் தரட்டோ?"

"வேண்டாம்" என்றார். "என்னிடம் இருக்கிறது."