நானூற்றுப் பன்னிரண்டாம் கொக்கி

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைகளில் பங்காரம்மாளுக்கு ஈடாகக் களை வெட்ட ஆள் கிடையாது. வாய்க்கும் ஈடு கிடையாது. கொல்லைக்காரரே அவள் இருக்கிற வரப்புப் பக்கம் சுற்றிக்கொண்டுதான் போவார். அப்பேர்ப்பட்டவள் 1949-ஆம் வருஷம் தை மாசம் ரங்கூனுக்குக் கப்பலேறினாள் என்றால் நம்புவீர்களா? ஊரே நம்பவில்லை. அவள் போய்விட்டு வந்து சொன்ன பிறகும் பாதிப்பேர் நம்பவில்லை.

புருஷன் கோதண்டம், அவள் வாயில் 'பாவா', ரங்கூனில் அரிசி மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அந்த ஊர் புதிதல்ல. யுத்தத்தின்போது ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அங்கிருந்து காடு மலை ஏறி நடந்தே திரும்பியவன்தான். எலும்பும் தோலுமாக வந்து விழுந்தவனிடம், "எத்தினி பேரு கெளம்பினீங்க, எத்தினி பேரு வந்து சேந்தீங்க?" என்று அவள் கேட்டாள். "யாரு எண்ணாங்க?" என்றான். அதோடு சரி. அந்த நடையைப் பற்றி அதற்கப்புறம் அவன் வாயைத் திறந்ததே இல்லை. பின்னால் இருந்தவன் விழுந்தால் முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்க்காமல் நடந்த நடை அது என்று அவளாகவே புரிந்துகொண்டாள்.

யுத்தம் முடிந்ததும் பழையபடி அங்கேயே போனான். தீபாவளி வரைக்கும் கடிதம் வந்தது. அப்புறம் நின்றுபோயிற்று. பர்மாவில் மறுபடியும் கலகம், ரங்கூன் பக்கமே துப்பாக்கிச் சண்டை என்று அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்த தம்பி வந்து சொன்னான். "இன்னொரு தபா அந்த மனுசன் நடந்து வர மாட்டாருடா. நான் போயி இட்டுகினு வரேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். தம்பி பர்மிட்டுக்கு அலைந்து செருப்பைத் தேய்த்தான்.

கப்பலில் அவளுக்குக் கிடைத்தது மேல்தட்டில் பாய் விரிக்கிற இடம். பக்கத்துப் பாயில் சோளிங்கர் கௌரியம்மாள். ரங்கூன் ஆற்றுக்குள் நுழைந்ததும் தூரத்தில் பீரங்கி முழங்க, குழந்தைகள் அலற ஆரம்பித்தன. இனி நம்மைக் கரையில் தள்ளிவிட்டுக் கப்பல்காரன் கம்பியை நீட்டிவிடுவான் என்றுதான் பங்காரம்மாள் நினைத்தாள். உலகத்தில் அதுதானே நடப்பு!

நடந்தது வேறு. கப்பலின் பட்லர் எலியேசர், திருத்தணிக்கு வடக்கே ஒரு மிஷன் ஊர்க்காரர், தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு தமிழிலும் தெலுங்கிலும் கத்தினார். "யாரும் பயந்துக்க வேணாம்! எறங்கறவங்க எறங்கலாம். ஒறமொறைய பாத்துட்டு ஊருக்கே திரும்பணும்னா இதே கப்பல்ல இட்டுகினு போறோம். ஒறமொறை வந்தாலும் எடம் உண்டு. கம்பெனி உத்தரவு!"

அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் அவள் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தாள். குழந்தைகளுக்குப் பால், மற்றவர்களுக்கு வேளாவேளைக்குச் சோறு. குண்டு கிண்டு தெறித்தால் படக்கூடாதென்று கரைப்பக்கத்துக் கம்பியில் வரிசையாக மெத்தைகளைக் கட்டினார்கள். வெள்ளைக்கார டாக்டர் கூலிக்காரியின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "எங்கூரு அம்மை ஊசிக்காரன்கூட தள்ளி நின்னுகினுதான் குத்துவான்" என்றாள் கௌரியம்மாளிடம். இத்தனைக்கும் மேலாக ஏணிப்படி ஓரத்தில் ஒரு பெரிய பலகை. பலகை முழுக்க வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் நம்பர் போட்ட தகர வில்லை.

பலகைக்குக் காவல் குமாஸ்தா சடகோபன். கரைக்குப் போகிறவர் பெயரையும், எங்கே, யாரைப் பார்க்கப் போகிறார் என்பதையும் எழுதிக்கொண்டு ஒரு வில்லையைக் கையில் கொடுப்பார். திரும்பி வந்து கொடுத்தால் கொக்கியில் மாட்டுவார். "கொக்கி காலியா இருந்தா கப்பல் நகராது. எங்க ஆளுங்களுக்கும் இதே சட்டந்தான்" என்றார். சும்மா பேச்சுக்குச் சொல்கிறார் என்று பங்காரம்மாள் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வில்லையும் கையுமாக இறங்கினாள். மில்லுக்கு இன்னும் ஒரு கல் தொலைவு இருக்கையில் ரோட்டில் பீப்பாய்களை உருட்டிவிட்டுச் சிப்பாய்கள் மறித்துக்கொண்டார்கள். கெஞ்சினாள், கும்பிட்டாள், திட்டினாள். தமிழ்த் திட்டு பர்மாக்காரனுக்கு எங்கே உறைக்கும்? அதற்குள் எல்லாரும் திரும்பச் சொல்லிக் கப்பல் சங்கு ஊதிவிட்டது.

அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் துணியை இடுப்பிலிருந்து உருவினாள். தணிகை முருகனுக்கு வேண்டிக்கொண்டு ஒரு காசு முடிந்துவிடலாம் என்றால், காசு கப்பலில் மூட்டைக்குள் இருக்கிறது. கையில் இருந்தது வில்லை ஒன்றுதான். அதையே துணியில் வைத்து மூன்று முடிச்சுப் போட்டாள். "தணிகேசா, எங்க பாவாவ என் கண்ணுல காட்டு. இத்த கொண்டாந்து உன் உண்டியல்ல போடறேன்." முடிந்தது முடிந்ததுதான். வேண்டுதல் பலிக்கும் முன்னால் அந்த முடிச்சை அவிழ்த்தால், கேட்டதை நாமே வேண்டாமென்று தள்ளினதாக அர்த்தம். திருத்தணிப் பக்கத்தில் சின்னக் குழந்தைக்கும் தெரியும் இது.

கப்பலேணியில் ஒரே நெரிசல். சடகோபனை நாலு பேர் மொய்த்துக்கொண்டிருந்தார்கள். பங்காரம்மாள் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே அடித்துச் செல்லப்பட்டாள். வில்லையைப் பற்றிய நினைப்பே அவளுக்கு இல்லை. அது இப்போது முருகனுடையது அல்லவா?

பிற்பகல் மூன்று மணிக்கு ஆற்றில் தண்ணீர் இறங்க ஆரம்பிக்கும். அதற்குள் கிளம்பியாக வேண்டும். பின்தட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே வெறித்தபடி, அவள் உதடு துடிக்க முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இதற்கிடையே கப்பலில் ஏதோ பெயரைக் கூவிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். சங்கு விட்டுவிட்டு அலறிக்கொண்டிருந்த நேரம், யார் காதில் என்ன விழும்? மணி ஒன்றாயிற்று. இரண்டும் ஆயிற்று. கப்பல் அசையவில்லை.

கௌரியம்மாள் மூச்சிரைக்க வந்தாள். "சங்கதி தெரியுமா? யாரோ ஒரு பொம்பள கரையில நின்னுட்டாளாம். கொக்கி காலியா கீதாம். அவள தேடிகினு பட்லரு ஜீப்புல போயிட்டாரு!"

"ஒரு பொம்பளைக்காவா? இம்மாம் பெரிய கப்பலா?"

"ஆங்! ஆயிரம் பேரு குந்திகினு கீறோம், ஒருத்திக்கோசரம்!"

பங்காரம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது. அடேயப்பா! யார் பெற்ற மகராசியோ! ராணிக்குக்கூட இப்படிக் காத்திருப்பார்களா? அடுத்த நொடி மனசுக்குள் ஒரு குறளி எட்டிப் பார்த்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் அகப்படாமல் இருக்கட்டும். கப்பல் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் என் பாவா வந்து சேர ஒரு நிமிஷம். முருகா, அவளை மெதுவாகக் காட்டு. இப்படி வேண்டிக்கொண்டே பழக்கத்தில் இடுப்பு முடிச்சைத் தடவினாள்.

விரலில் தகரத்தின் விளிம்பு தட்டுப்பட்டது.

ஐயோ! காலின் கீழே கப்பலே நழுவினாற்போல் இருந்தது. அந்தப் பொம்பளை வேறு யாருமில்லை. இவள்தான். களைவெட்டி பங்காரம்மாளுக்காகத்தான் ஆயிரம் பேர் காத்துக்கிடக்கிறார்கள். இவளுக்காகத்தான் எலியேசர் பீரங்கி வாய்க்குள் போயிருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கப்பல் நிற்கும். கோதண்டம் வந்தாலும் வருவான். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தப் பக்கம் பெண்டாட்டி பிள்ளை உள்ள மனுஷன், இல்லாத ஒருத்தியைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறார். ஒரு குண்டு பட்டால்? சொல்ல வேண்டுமென்றால் முடிச்சை அவிழ்க்க வேண்டும். முடிச்சை அவிழ்த்தால் பாவாவைக் கைவிட்டாற்போல்.

"யாரு எண்ணாங்க?" என்று கோதண்டம் அன்றைக்குச் சொன்னது காதுக்குள் கேட்டது. இங்கே எண்ணுகிறார்களே, பாவா. என்னையும் சேர்த்து எண்ணுகிறார்களே!

சடகோபனின் மேஜைக்கு ஓடினாள். அவர் எதிரில் நின்று பல்லால் கடித்து மூன்று முடிச்சையும் அவிழ்த்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிய வில்லையை மேஜைமேல் வைத்தாள். "சாமி, அந்தப் பாவி நான்தான். அந்த அண்ணன கூப்ட்டுக்குங்க."

சடகோபன் வில்லையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இரண்டு அறை விடுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கண்ணை மூடி, "அப்பாடா, பெருமாளே, உயிரோட கீறியாம்மா!" என்றார். வில்லையைத் துடைத்து நானூற்றுப் பன்னிரண்டாம் கொக்கியில் மாட்டினார். பட்லரைத் திரும்ப அழைக்க மூன்று நீளச் சங்கு ஊதச் சொன்னார். "இப்ப அவன் கொக்கிதான் காலி. அவனும் வரணும், அப்பதான் கெளம்புவோம்."

மூன்றடிக்கக் கால் மணி இருக்கும்போது ஜீப் வந்தது. எலியேசர் சட்டையெல்லாம் சேறாக இறங்கினார். அவர் பின்னால் தலையில் கட்டுப்போட்ட ஒருத்தன், பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு இறங்கினான்.

"உன்ன தேடறதுன்னா, நீ சொல்லி எழுதி வெச்ச எடத்துலதானே தேடணும்?" என்றார் எலியேசர். "கம்பெனி சீட்ட பாத்துட்டு சிப்பாயி வழி விட்டுட்டான். உன் வூட்டுக்காரரு மில்லு குடோன்ல அம்பது பேரோட பதுங்கிகினு இருந்தாரு. உன் சம்சாரம் எங்கன்னு கேட்டா, ஊர்ல கீறான்னு சொல்றாரு!"

கோதண்டம் அவளைத் தொட்டுப் பார்த்தான். "நெசமாவே நீதானா? கப்பல்ல வந்தியா?" அவள் எலியேசரின் சேற்றுக் காலில் விழுந்தாள். அவர் பதறிப்போய் விலகி, "என் கால்ல ஏம்மா விழற? அந்தப் பலகைக்குப் போடு கும்பிடு" என்றார். அவள் நிஜமாகவே போய்ப் போட்டாள்.

வில்லையைச் சாமிக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளேன் என்றாள் கௌரியம்மாள். பங்காரம்மாள் கேட்கவில்லை. அதை எடுத்துவிட்டால் அடுத்த நடையில் ஒரு ஆள் கணக்கில் குறையுமே! ஊர் வந்து சேர்ந்ததும் மலையேறி வில்லைக்குப் பதிலாகத் தலைமுடியைக் கொடுத்தாள். முருகன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ஊரிலிருந்து மூன்று வண்டி திருத்தணிக்குக் கிளம்பிற்று. பங்காரம்மாள் மண்ணெண்ணெய் டின்னை வெட்டி நாற்பத்திரண்டு வில்லை செய்து, வண்டிப் பலகையில் நாற்பத்திரண்டு ஆணி அடித்து வைத்திருந்தாள். மொட்டையடித்த தலையில் அரையும் குறையுமாக வளர்ந்த முடியோடு, ஒவ்வொருவர் கையிலும் ஒரு வில்லையைத் திணித்தாள். ஊரே சிரித்தது.

காவடிக் கூட்டத்தில் ஆளோடு ஆள் இடித்துத் தரிசனம் முடித்து, சாயங்காலம் எல்லாரும் வண்டிக்குத் திரும்பினார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மாடு பூட்டியாயிற்று. ஒரு ஆணி மட்டும் காலி. காது மந்தமான, நாதியில்லாத கன்னியம்மாளுடைய ஆணி.

"அது கெடக்குது வுடுக்கா, எங்கனா மடத்துல குந்திகினு இருக்கும். மழை வர்து, வண்டிய வுடு" என்று நாலு பேர் சத்தம் போட்டார்கள்.

"ஆணி காலியா கீது. வண்டி நகராது" என்றாள் பங்காரம்மாள்.

கோதண்டம் அந்தக் காலி ஆணியைப் பார்த்தான். பிறகு பூட்டிய மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, கூட்டத்துக்கு எதிராக மலைப்படியில் ஏற ஆரம்பித்தான்.