அம்மா பார்க்காத பாதி

என் அப்பா ஒரு கொரிய நாடகத்துக்காக இணையத்தில் சண்டை போட்டவர். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். டிவியில் செய்தி மட்டும் பார்ப்பார். சினிமா ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்பிவிடுவார். கதை, பாட்டு, சிரிப்பு எல்லாம் எங்கள் வீட்டில் அம்மாவின் இலாகா.

வீடு பிள்ளையார்பாளையத்தில். பக்கத்தில் இருந்த மாமா வீட்டுத் தறிகளுக்கு அம்மா தார்க்குச்சிகளில் நூல் சுற்றிக் கொடுப்பாள். கை இராட்டையில் நூலைச் சுற்றிக்கொண்டிருக்கும், கண் டிவியில் இருக்கும். நூல் அறுந்தால்கூடத் திரும்பிப் பார்க்காமல் விரலாலேயே தேடி முடிச்சுப் போடுவாள். நான் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து, சனிக்கிழமைகளில் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், பிறகு வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். மூவருமே ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

படுத்தே இருக்கிறவளுக்குப் பொழுது போகவேண்டுமே என்று, அலுவலகத்தில் ஒரு தோழியிடமிருந்து அந்த நாடகத்தின் டிவிடிகளை வாங்கி வந்தேன். கதையில், முடி வெட்டும் கடை நடத்துகிற ஒரு பெண். அவள் கடைக்கு மேல்மாடியில் ஒரு கர்வம் பிடித்த பல் டாக்டர் கிளினிக் திறக்கிறான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய். அதை வைத்து ஆரம்பிக்கிற சண்டை காதலாகிறது. திரையின் கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. முதல் நாள் நான் படித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நான் பஸ் ஏறிய பிறகு யார் சொல்வது என்ற கேள்வி வந்தது. அப்பா நாற்காலியை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை வந்தபோது அம்மாதான் எனக்கு அந்த வாரம் நடந்ததைச் சொன்னாள். அப்பா தொடக்கத்தில் பாடப் புத்தகம் போலப் படித்தாராம். "உன் அகந்தையை நான் ஒருபோதும் பொறுத்துக்கொள்ளேன்" என்று அந்த முடி வெட்டும் பெண் பேசினாளாம். அம்மாவால் தாங்க முடியவில்லை.

"என்னங்க, அவ என்ன பட்டிமன்றத்துலயா பேசிக்கினு இருக்கா? தண்ணிக் குழாயாண்ட நின்னு எப்படிப் பேசுவாங்களோ அப்படிச் சொல்லுங்க," என்றாளாம்.

அப்பா கற்றுக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு எங்கள் தெருப் பெண்களின் பேச்சு வந்தது. டாக்டருக்கு, அப்பாவின் பழைய தலைமை ஆசிரியர் பேச்சு. குரலைக்கூட மாற்றினார். பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவாள். அம்மா தையல் போட்ட வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு சிரிப்பாள். சிரிப்பு வலியில் முடியும். அப்பா உடனே நிறுத்திவிடுவார். அவள் கையை ஆட்டி, போடுங்க என்பாள். அவர்களுக்குக் கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அப்பா அம்மாவைச் சிரிக்கவைத்து நான் பார்த்தது அப்போதுதான்.

கதையின் பாதியில் டாக்டர் வெளிநாடு போகிறான். விமான நிலையத்தில் அவள் நிற்கிறாள், அவன் உள்ளே போகிறான். அந்தப் பகுதியைப் போட்ட அன்று நானும் இருந்தேன். அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இன்னிக்கு வேணாங்க. அவன் போறத இன்னிக்குப் பார்க்க வேணாம்," என்றாள்.

அப்பா டிவியை அணைத்துவிட்டார். மறுநாளும் அவள் கேட்கவில்லை. பிறகு வலிக்கான மருந்தில் பெரும்பாலும் தூங்கிக்கொண்டே இருந்தாள். இடையில் ஒருமுறை விழித்து, நீங்க மட்டும் பார்த்து வைச்சுட்டு எனக்கு அப்புறம் சொல்லுங்க என்று அவரிடம் சொன்னாளாம். கருட சேவைக்கு வந்த கூட்டம் தெருக்களை அடைத்திருந்த நேரத்தில், ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரலாம் என்று மாமா போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வெகுநாள் அந்த டிவிடிகளை யாரும் தொடவில்லை. அப்பா தனியாக இருக்கிறாரே என்று நான் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து இணைய இணைப்பும் கொடுத்தேன். ஆங்கில நாளிதழ்கள் படிப்பார், எனக்கு மெயில் அனுப்புவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பல்லு டாக்டர் திரும்பி வந்தானாமா, இல்லையா?"

எனக்குத் தெரியாது என்றேன். பார்த்துடலாமே என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மிச்சத்தைப் பார்த்து முடித்தோம். விளக்கை அணைத்துவிட்டு நான் பாயில் உட்கார்ந்தேன், அவர் பழைய நாற்காலியில். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு குரல் கேட்டது. அப்பா கீழே ஓடிய எழுத்துகளை வாய்க்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும். அவர் எனக்காகச் சொல்லவில்லை. அவருக்குத் தான் சொல்வது தெரிந்ததா என்றும் எனக்குத் தெரியவில்லை. நான் திரும்பிப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேர்மையாகச் சொன்னால் இரண்டாம் பாதி எனக்குப் பிடிக்கவில்லை. வேடிக்கை எல்லாம் டாக்டரோடு விமானம் ஏறிவிட்டது. அந்தப் பெண் கடையைத் திறக்கிறாள், முடி வெட்டுகிறாள், கூட்டுகிறாள், பூட்டுகிறாள். கடைசியில் அவன் வருகிறான். தாடியும் தலைமுடியும் காடாக வளர்ந்திருக்கிறது. ஒன்றும் பேசாமல் நாற்காலியில் உட்கார்கிறான். அவள் துணியைப் போர்த்தி முடி வெட்ட ஆரம்பிக்கிறாள். நாடகம் முடிந்துவிடுகிறது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"வந்துட்டான்ல," என்றார் அப்பா.

அந்த வாரம் அவர் இணையத்தில் அந்த நாடகத்தின் பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறார். உலகம் முழுவதிலிருந்தும் ரசிகர்கள் வந்து பேசுகிற ஒரு ஃபோரம் கிடைத்திருக்கிறது. அங்கே இந்த நாடகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். கதாநாயகி சுயமரியாதை இல்லாதவள், கதாநாயகன் ஒரு மன்னிப்புகூடக் கேட்கவில்லை, எழுதியவருக்குப் பாதியில் கற்பனை தீர்ந்துபோய்விட்டது என்று பக்கம் பக்கமாக. பூனைப் படத்தைத் தன் படமாக வைத்திருந்த ஒருவர், விமான நிலையத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் பாக்கியசாலிகள் என்று எழுதியிருந்தார்.

அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது அப்பா அந்த ஃபோரத்தில் உறுப்பினராகியிருந்தார். அவருடைய முதல் பதிவு "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்" என்று ஆரம்பித்து "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி" என்று முடிந்திருந்தது. முடி வெட்டிக்கொள்ள உட்காருகிறவன் தலையைக் குனிய வேண்டும். அந்தக் கர்வக்காரன் முதல் காட்சியிலிருந்து யாருக்கும் குனியாத தலையை அவள் கைக்குக் கீழே தாழ்த்தியதுதான் மன்னிப்பு. அதற்குமேல் என்ன கேட்கிறீர்கள் என்று எழுதியிருந்தார். நாடகம் பிடித்திருந்த சிலர் அதைப் படித்துவிட்டுக் கொண்டாடிவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவி போல இருந்தவள் மணிலாவில் ஒரு நர்ஸ். அவள் அப்பாவை "சார்" என்றே அழைக்க ஆரம்பித்தாள். யார் எந்தக் குறைக்குப் பதில் எழுதுவது என்று அவர்கள் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மெதுவாகப் போகிறது என்ற குறைக்குப் பதில் சொல்வது அப்பாவின் பங்கு.

காலையில் காபி குடித்ததும் உட்கார்ந்துவிடுவார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுவார். ஒருவர் போன பிறகு வீட்டில் நாட்கள் அப்படித்தான் போகும், கதவைத் திறப்பதும் மூடுவதும்தான் இருக்கும், அதை வேகமாகக் காட்டினால் அது பொய் என்று எழுதினார். அதற்குப் பூனைப் படக்காரர் ஒரே வரியில் பதில் போட்டார். தாத்தா, இது சிரிக்கறதுக்கு எடுத்த நாடகம், சாவு வீடு இல்லை.

அப்பா சில நாட்கள் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. நர்ஸும் மற்றவர்களும் அந்த ஆளைப் பிடித்துக் காய்ச்சினார்கள். நான் சென்னையில் அலுவலகத்திலிருந்து எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். கோபமும் வந்தது, அப்பாமேல் எரிச்சலும் வந்தது. சனிக்கிழமை வந்ததும் கேட்டேன்.

"யாரோ எங்கேயோ உட்கார்ந்து எழுதறதுக்கு நீங்க ஏம்பா மனசைக் கெடுத்துக்கறீங்க? எனக்குக்கூடத்தான் ரெண்டாவது பாதி பிடிக்கல. பிடிக்கலன்னா பிடிக்கல, விடுங்களேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். மாமா வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"பார்த்து வைச்சுட்டு அப்புறம் சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கா உங்கம்மா. நல்லா முடிஞ்சுதுன்னுதான நான் சொல்லணும். இத்தனை பேரு நல்லால்ல நல்லால்லன்னு எழுதி வச்சிருந்தா, நான் சொல்றது பொய் மாதிரி இருக்குது."

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். குழம்புக்கு வைத்திருந்த புளியைக் கரைத்துக்கொண்டே நின்றேன். கையை எடுக்கவே தோன்றவில்லை. அதற்குப் பிறகு அந்த நாடகத்தைப் பற்றி அவரிடம் நான் ஒரு குறையும் சொல்லவில்லை.

அவர் மறுபடி எழுதியபோது, அந்த மனிதரைத் திட்ட வேண்டாம் என்றுதான் முதலில் தன் கட்சிக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். சிரிக்க வந்தவர் சிரிப்பு கிடைக்கவில்லை என்று வருத்தப்படுவது நியாயம்தான் என்று எழுதினார். அதைப் பார்த்துவிட்டு நர்ஸ் கேட்டாள்: சார், உங்களுக்கு ஏன் இந்த நாடகத்தின்மேல் இவ்வளவு பிரியம்?

அவர் அதற்குப் பதில் எழுதியது அம்மாவின் வருஷத் திதி முடிந்த மறுநாள். உறவுக்காரர்கள் எல்லாரும் போயிருந்தார்கள். நானும் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். அவர் தட்டுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். விமான நிலையம் வரைக்கும் தன் மனைவியோடு சேர்ந்து பார்த்ததாகவும், மீதியைப் பார்க்க அவள் இருக்கவில்லை என்றும் எழுதினார். இரண்டே வாக்கியம். அழுகிற மாதிரி ஒரு சொல்கூட அதில் இல்லை.

அன்று முழுக்க அந்தப் பக்கத்தில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் காலையில் முதல் பதில் பூனைப் படக்காரரிடமிருந்து வந்திருந்தது. தன் வார்த்தைக்கு வருந்துவதாகச் சொல்லிவிட்டு, அந்தத் தண்ணீர்க் குழாய்ச் சண்டைக்கு உங்கள் மனைவி சிரித்தாரா என்று கேட்டிருந்தார்.

அப்பா அதற்கு எழுதிய பதில் மிக நீளமானது. பட்டிமன்றம் என்று அம்மா கேலி செய்தது, தலைமை ஆசிரியர் குரல், ஜன்னலில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண், வயிற்றை அழுத்திக்கொண்டு போடுங்க என்று கை ஆட்டியது எல்லாவற்றையும் எழுதினார். அவருடைய அந்தக் கடித ஆங்கிலம் அதில் எங்கேயோ கழன்று போயிருந்தது. மூன்று நாள் எழுதினார் என்று நினைக்கிறேன். அதைப் படித்துவிட்டு எங்கெங்கோ இருந்தவர்கள் அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். அவளுக்குப் பிடித்த மற்ற காட்சி எது, நாடகம் கடைசியில் எப்படி முடியும் என்று அவள் நினைத்தாள் என்றெல்லாம். இங்கே எங்கள் தெருவில் அப்போது யாரும் அம்மாவைப் பற்றிப் பேசுவதில்லை. அப்பா வந்தால் பேச்சை மாற்றுவார்கள். அவர் மனசு நோகக்கூடாது என்றுதான்.

நாடகத்தைப் பற்றிய சண்டை அதோடு தீர்ந்துவிடவில்லை. புதிது புதிதாக யாராவது வந்து திட்டுவார்கள்; அப்பாவும் நர்ஸும் பதில் சொல்வார்கள். பூனைப் படக்காரர் தனக்கு இன்னமும் முடிவு பிடிக்கவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சாரிடம் மரியாதையாகப் பேசுங்கள் என்று புதிதாக வந்தவர்களை அதட்டுவார்.

பிறகு ஒரு நாள் அந்த ஃபோரம் திறக்கவில்லை. சர்வர் கோளாறாக இருக்கும் என்றேன். ஒரு வாரம் போயும் வரவில்லை. நடத்தியவர்கள் மூடிவிட்டார்கள் என்று வேறொரு தளத்தில் தெரிந்துகொண்டேன். அப்பா எழுதியவற்றையெல்லாம் வேறெங்கும் எடுத்து வைத்திருக்கவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நர்ஸின் உண்மைப் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அலுவலகத்தில் விவரம் தெரிந்தவர்களிடம் எல்லாம் கேட்டுப் பார்த்தேன். வழி இல்லை என்றார்கள். அதைப் போனில் சொல்லாமல் நேரில் வந்து சொன்னேன்.

"எல்லாமே போயிடுச்சா?" என்றார். "அந்தக் குழாய்ச் சண்டை எழுதினதும்?"

ஆமாம்பா என்றேன். ஞாபகம் இருக்கும்போதே மறுபடி எழுதி வைக்கலாமே, இந்த முறை தமிழிலேயே எழுதுங்களேன், நான் டைப் செய்து தருகிறேன் என்றேன். அவர் சரி என்று தலையாட்டினார். மறுநாள் காலை காபிக்குப் பிறகு உட்கார்ந்தார். மதியம் வரை உட்கார்ந்திருந்தார். நான் சாப்பிடக் கூப்பிடப் போனபோது முன்னால் இருந்த தாளில் ஒன்றும் இல்லை.

"தமிழ்ல எழுத வரலமா," என்றார். "இங்கிலீஷ்ல எழுதினா உங்கம்மா யாரோ ஒருத்தரோட வீட்டுக்காரம்மா மாதிரி கொஞ்சம் தள்ளி நிப்பா. எழுதிட முடிஞ்சுது. தமிழ்ல ஆரம்பிச்சா பக்கத்துல வந்து உட்கார்ந்துக்கறா. கையே ஓடல."

நான் தாளை எடுத்து வைத்துவிட்டுச் சோற்றைப் போட்டேன். அவர் நன்றாகச் சாப்பிட்டார். அதன்பிறகு அவரை எழுதச் சொல்லி நான் கேட்கவில்லை.