குதிரைப் படம் போட்ட பால்

“நம்ம வூட்டுல வாசிக்கிறதுக்கு என்ன இருக்கு?”

என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று அத்தை கேட்ட கேள்வி இது. அப்பாவைப் பார்த்துத்தான் கேட்டாள். ஆனால் என் காதில் விழவேண்டும் என்றே கேட்டாள்.

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்பா பினாங்கில் முனிசிபாலிட்டியின் மாட்டுவண்டி ஓட்டினார். அத்தை அவருடைய அக்கா. தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள், புருஷன் செத்த பிறகு எங்களோடு வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கும் எழுத்து தெரியாது. ஜெபங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். எங்களுக்குக் கடிதம் எழுத ஊரில் யாரும் இல்லை. வீட்டுச் சுவரில் இருந்தவை இரண்டே படங்கள். ஒன்று மாதாவைப் பெற்ற அன்னம்மாள், மற்றது ஒரு சிவப்புக் குதிரை. இரண்டிலும் எழுத்து கிடையாது. நான் வேறு எதைத்தான் வாசிப்பது?

குதிரை வந்த கதையைச் சொல்லவேண்டும். எனக்கு ஐந்து வயதாயிருந்தபோது ஒரு தங்கை பிறந்தாள். அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. அத்தைதான் கடைக்குப் போய் குதிரைப் படம் போட்ட டின்பாலை வாங்கிவந்தாள். வெந்நீரில் கரைத்து, மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு, பாலாடையால் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவாள். அத்தைக்குப் பிள்ளை இல்லை. அந்த நேரத்தில் மட்டும் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். எங்களை அதட்டும் அத்தைதானா என்று இருக்கும். முதல் டின் தீர்ந்ததும், மேலே சுற்றியிருந்த காகிதத்தை உரித்து, குதிரையை மட்டும் வெட்டியெடுத்து, சோற்றுப் பருக்கையால் எனக்காகச் சுவரில் ஒட்டினாள். மிச்சக் காகிதம் அடுப்புக்குப் போயிற்று.

அது குதிரையின் பால் என்றே நான் நம்பினேன். தங்கை வளர்ந்து என்னைவிட வேகமாக ஓடிவிடுவாளே என்று கொஞ்சம் பொறாமையும் எனக்கு இருந்தது. அவள் ஓடவில்லை. வயிறு நிறையக் குடித்தும் நாளுக்கு நாள் இளைத்தாள். நான்காம் மாதத்தில் இறந்துபோனாள். தாய்ப்பால் வாய்க்காத பிள்ளை தங்காது என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் சொன்னார்கள். அத்தையும் அதையே சொன்னாள். 

எனக்கு ஏழு வயது முடிந்தபோது தம்பி பிறந்தான். இந்த முறையும் அம்மாவுக்குப் பால் இல்லை. மருத்துவச்சி வாசலில் நின்றபடியே, “ஆடு ஒன்னு புடிச்சுக் கட்டு, மத்ததெல்லாம் அப்பறம் பாக்கலாம்” என்றாள். அம்மா காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தாள். மறுநாள் துரைசாணி வந்தது.

பெயர் வைத்தது அப்பா. தூய வெள்ளை ஆடு அது. ஈரப்புல்லைத் தொடாது, கூப்பிட்டால் திரும்பாது, எங்களையெல்லாம் வேலைக்காரர்களைப் போலப் பார்க்கும். அம்மா பால் கறக்கும்போது அதன் கழுத்தைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சும்மா நிற்கப் பிடிக்காமல் அன்று பள்ளியில் படித்த வாய்ப்பாட்டை அதன் காதில் ஒப்பிப்பேன். ஓரொண்ணு ஒண்ணு என்று தொடங்கினால் துரைசாணி கண்ணைப் பாதி மூடிக்கொள்ளும். வீட்டில் என் படிப்பை மதித்த முதல் ஜீவன் அதுதான்.

தம்பி இரண்டு மாதம் தாண்டினால் அன்னம்மாள் திருநாளுக்குத் தூக்கிவருவதாக அம்மா நேர்ந்திருந்தாள். கோவில் கடலுக்கு அக்கரையில், புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்தில் இருக்கிறது. ஜூலை மாதக் கடைசியில் திருநாள். காலையில் போனால் மறுநாள்தான் திரும்பமுடியும். தம்பிக்குப் பாலுக்கு என்ன செய்வது என்று மூன்று நாள் பேசினார்கள்.

“கறந்து எடுத்துக்கிட்டுப் போனா திரிஞ்சிரும்” என்றாள் அம்மா.

“அப்ப ஆட்டையே கூட்டிக்கிட்டுப் போவோம்” என்றார் அப்பா.

“ஏன், அதுக்கும் ஒரு சீலை கட்டிவுடேன். கோவிலுக்குல்ல போவுது!” என்றாள் அத்தை. ஆனால் மறுநாள் துரைசாணியைத் தேய்த்துக் குளிப்பாட்டியது அவள்தான்.

இப்படியாக நாங்கள் நால்வர், ஒரு கைக்குழந்தை, ஓர் ஆடு, பாய், பானை, மெழுகுவத்திக் கட்டு எல்லாமாகப் படகுத்துறைக்குப் போனோம். துரைசாணி பலகையில் கால்வைக்க மறுத்தது. பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். படகில் வேலைபார்த்த மலாய்க்காரர் ஆடும் சாமி கும்பிடப் போகிறதா என்று கேட்டுச் சிரித்துவிட்டு, அதன் பின்னங்கால் இரண்டையும் தூக்கி உள்ளே தள்ளினார். நடுக்கடலில் அது நடுங்கிக்கொண்டே, முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாளின் கூடையிலிருந்து பூமாலையில் பாதியைத் தின்றுவிட்டது.

“யாரு ஆடு இது? மாதாவுக்கு வெச்சிருந்த மாலை!” என்று அவள் கத்தினாள்.

“பாதிதானே தின்னுச்சு? மாதா மீதிய வாங்கிக்குவாங்க லா” என்றாள் அத்தை. பிறகு எங்கள் மெழுகுவத்தியில் இரண்டை எடுத்து அந்த அம்மாளின் கூடையில் வைத்தாள்.

பட்டர்வொர்த்தில் அப்பாவின் சிநேகிதர் வண்டியோடு காத்திருந்தார். கோவிலை அடையும்போது உச்சி வெயில். மரத்தடிகளில் எல்லாம் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருந்தார்கள். தமிழர், சீனர் எல்லாரும் இருந்தார்கள். எங்களுக்கு ஒரு ரம்புத்தான் மரத்தடி கிடைத்தது. நான் அதுவரை மலையை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது.

அப்போதுதான் யாரோ வேட்டுச் சரத்தைக் கொளுத்தினார்கள். துரைசாணி கயிற்றோடு மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி, முட்டிக்கொண்டு நின்றது. அம்மா கறக்க உட்கார்ந்தாள். ஒரு சொட்டு வரவில்லை. மடி கல்லாக இருந்தது. ஆனால் பாலை உள்ளுக்குள் இழுத்துக்கொண்டது. அப்பா தடவிக்கொடுத்துப் பார்த்தார். அத்தை கெஞ்சினாள், பிறகு திட்டினாள், பிறகு அன்னம்மாளையே கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொன்னாள். காலையில் கறந்து எடுத்துவந்த பால் செம்பைத் திறந்தால் திரிந்துபோயிருந்தது. தம்பி முதலில் வீறிட்டு அழுதான். பிறகு அழுகை மெலிந்து பூனைக்குட்டி மாதிரி ஆயிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

அத்தை விறுவிறு என்று கடைகள் இருந்த பக்கம் போனாள். திரும்பிவரும்போது அவள் கையில் ஒரு டின் இருந்தது. மேலே குதிரை!

“எங்க போனாலும் நம்ம குதிரை இருக்கு பாரு” என்றாள் சந்தோஷமாக. கத்திமுனையால் இரண்டு துளை போட்டு, பக்கத்துக் குடும்பத்தின் அடுப்பில் வெந்நீர் வாங்கிக் கரைத்தாள். தம்பியை மடியில் போட்டுக்கொண்டாள். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

டின் என் பக்கத்தில் இருந்தது. எழுத்து தெரிந்த பிறகு எங்கள் வீட்டுக் குதிரையை முழுக் காகிதத்தோடு அப்போதுதான் பார்க்கிறேன். திருப்பினேன். பின்பக்கம் முழுக்க எழுத்து! மேலே இங்கிலீஷ், அடுத்துச் சீனம், மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்து, எல்லாவற்றுக்கும் கீழே பொடிப்பொடியாகத் தமிழ். அத்தையின் கேள்வி என் நெஞ்சில் ஒரு வருஷமாகக் கிடந்தது. இதை விடுவேனா? பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிப்பதுபோல எழுந்து நின்றேன். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, ராகம் போட்டு வாசித்தேன்.

“இ-ந்-தப் பா-ல்… கை-க்-கு-ழந்-தை-க-ளு-க்கு… ஏ-ற்-ற-த-ல்-ல.”

அத்தையின் கை பாலாடையோடு அப்படியே நின்றது.

“இன்னொரு தடவ படி” என்றாள் அம்மா.

நான் பூரித்துப்போனேன். எழுத்துகளைப் பிடிப்பதிலேயே என் கவனம் எல்லாம் இருந்தது. அவை சேர்ந்து என்ன சொல்லின என்று நான் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை இன்னும் உரக்க, இன்னும் ராகத்தோடு வாசித்தேன். அம்மா எழுந்து வந்து, அத்தையின் மடியிலிருந்து தம்பியை எடுத்துக்கொண்டாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் எடுத்தாள்.

“சின்னப்புள்ள, தப்பா படிக்குது” என்றாள் அத்தை. அவள் குரல் அவள் குரலாகவே இல்லை. டின்னை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்தடிக்குப் போனாள். எங்கள் கோவில் உபதேசியார் அங்கே உட்கார்ந்து, ஆசீர்வாதத்துக்குக் கொண்டுவந்த பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். என் வாசிப்பைச் சந்தேகித்தது எனக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே ஓடினேன்.

உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரே மூச்சில் வாசித்தார். “பாப்பா சரியாத்தான் படிச்சிருக்கு. சத்தெல்லாம் எடுத்துட்ட பாலும்மா இது. பெரியவங்க காப்பிக்குப் போட்டுக்கலாம். கைக்கொழந்தைக்கு ஆகாது. குடுத்துட்டீங்களா என்ன?”

அத்தை டின்னைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“இல்ல” என்றாள். கொஞ்சம் கழித்து, “இந்தப் புள்ளைக்கு இல்ல” என்றாள்.

நான் அவள் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போதாவது பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த மரத்தடியிலேயே, யாரோ விரித்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். தோற்றுப்போன கோபம் என்று எனக்குப் பட்டது.

தம்பி இன்னும் பட்டினி. அப்பா துரைசாணியைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டார். கூட்டத்தையும் வேட்டையும் விட்டு விலகி, மலைச்சரிவில் ஓர் ஓடை இருந்த இடத்துக்குப் போனோம். அம்மா தம்பியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுச் செம்போடு உட்கார்ந்தாள். “கழுத்தப் புடிச்சுக்க. வூட்டுல சொல்லுவியே, அதச் சொல்லு” என்றாள்.

ஓரொண்ணு ஒண்ணு என்று ஆரம்பித்தேன். ஒன்றாம் வாய்ப்பாடு முடிந்தது, இரண்டாம் வாய்ப்பாடு முடிந்தது. துரைசாணி ஓடையைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. மூன்றாம் வாய்ப்பாட்டின் நடுவில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டது. செம்பில் ‘சுர்’ என்று சத்தம் கேட்டது. ஐந்தாம் வாய்ப்பாட்டுக்குமேல் எனக்குத் தெரியாது. மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். தம்பி குடித்த குடியில் பாலாடை பற்களில்லாத அந்த வாயில் சிக்கிக்கொண்டது. அப்பா சிரித்தார். அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

கீழே வந்தபோது டின் காலியாகக் கிடந்தது. மரத்தடி மண் வெள்ளையாக நனைந்திருந்தது. சாயங்காலப் பவனியில் அத்தை மெழுகுவத்தி பிடித்து நடந்தாள். மெழுகு உருகி விரல்மேல் ஓடியது. “அத்தை, சுடுது பாருங்க” என்றேன். அவள் கையை மாற்றவில்லை. மறுநாள் திரும்பும் வண்டியில் அத்தை படுத்தே வந்தாள். அவள் தலை அம்மாவின் மடியில் இருந்தது. அம்மா அவள் நெற்றியைத் தடவிக்கொண்டே வந்தாள். வெயிலில் அலைந்த தலைவலி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை செய்த முதல் காரியம், கத்தியால் சுவரிலிருந்து குதிரையைச் சுரண்டி எடுத்தது. நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன். வாசிப்பில் நான் ஜெயித்ததற்குப் பழிவாங்குகிறாள் என்று பட்டது. ஆனால் திங்கட்கிழமை காலை, யாரும் சொல்லாமலே, குடையை எடுத்துக்கொண்டு என்னைப் பள்ளிக்கூடம்வரை கொண்டுவந்து விட்டாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. மழைக்காலத்தில் முட்டளவு தண்ணீரில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டுகூடப் போயிருக்கிறாள்.

தம்பியைக் காப்பாற்றியது நான் சொன்ன வாய்ப்பாடு என்று வெகுகாலம் பெருமையடித்துத் திரிந்தேன். தோழிகளிடம் எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். டின்னை வாசித்ததை மட்டும் சொல்லமாட்டேன்; அது யாரும் கைதட்டாத வாசிப்பு.

பதினைந்து வயதில், கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கும்போது, குதிரை இருந்த இடத்தில் சுவர் குழிந்திருப்பதைப் பார்த்தேன். மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். “இந்தப் புள்ளைக்கு இல்ல” என்று அத்தை அன்று சொன்னது அப்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நெடுநேரம் ஊதினாள்.

“அத்தகிட்ட கேட்டுறாத” என்றாள்.

நான் கேட்கவில்லை. அத்தையும் சொன்னதில்லை. அன்று நான் ராகம் போட்டு வாசித்த ஒரு வரி, அம்மாவின் தலையிலிருந்து இரண்டு வருஷப் பழியை இறக்கியது. இறக்கி எங்கே வைத்தது என்பது ஏழு வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவ்வளவு உரக்க வாசித்திருப்பேனா என்று சில சமயம் யோசிப்பேன். உரக்க வாசித்ததுதான் சரி. ஆனால் இரண்டாம் தடவை அந்த ராகம் வேண்டியிருக்கவில்லை.

இந்த மாதம் முதல் தேதி, குழந்தைகள் நலம் பார்க்கும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்ப் பார்த்து எழுதிவரும் வேலை. வெள்ளைச் சேலையை அத்தைதான் துவைத்துக் கஞ்சி போட்டாள். வழக்கம்போல் குடையை எடுத்தவளை, இன்றைக்கு நானே போய்க்கொள்கிறேன் என்று தடுக்கவேண்டியிருந்தது.

முதல் வீடு சந்துக்குள் ஓர் ஒற்றை அறை. என்னைவிட இளைய பெண், கையில் ஒரு மாதக் குழந்தை. என் நோட்டுப் புத்தகத்தைக் கண்டு பயந்து எழுந்தாள்.

“டின்னோ, புட்டியோ, எழுத்துப் போட்டது எதுவா இருந்தாலும் காட்டும்மா, வாசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

“எங்க வூட்டுல வாசிக்கிறதுக்கு ஒன்னும் இல்லியேக்கா” என்றாள்.

நான் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டேன். அடுப்படியைப் பார்க்கலாமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனேன்.