நாலேகால் வரை அம்மா

மேகலாவின் பெண் எட்டாம் மாதமே அவசரப்பட்டு வந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரியின் குழந்தைகள் ஐ.சி.யூ.வில், ஏழாம் நம்பர் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். வாசலில் ஆளுயரப் பலகை: ‘குடும்பமே குழந்தையின் முதல் மருந்து.’ அந்த மருந்தை மாலை நாலிலிருந்து நாலேகால் வரைதான் கொடுப்பார்கள். அதுவும் பார்க்கலாம், தொடக்கூடாது.

மேகலா அதே ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். தலைநகரில் தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, ஊர்க்கோடி நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி வருகிறவள். பச்சை உடம்போடு பத்தாம் நாளே நீலச் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது புருஷன் ஜோதிலிங்கம் கத்தினான்.

“உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு?”

“அம்மான்னு போனா செக்யூரிட்டி உள்ள உடமாட்டான். மாப்பத் தூக்கினு போனா உடுவான்யா.”

சூப்பர்வைசரைக் காக்காய் பிடித்து அந்த வார்டையே வாங்கிக்கொண்டாள். பிறகென்ன, ஏழாம் பெட்டியைச் சுற்றித் தரையில் முகம் பார்க்கலாம். மற்ற மூலைகளைப் பற்றிக் கேட்காதீர்கள். சாயங்காலம் புடவையில் வருகிறவளும் காலையில் துடைக்கிறவளும் ஒருத்திதான் என்பது சிஸ்டர் ஜ்யோத்ஸ்னாவுக்குத் தெரியாது. மாப்பு பிடித்தவள் முகத்தை யார் பார்க்கிறார்கள்? மேகலாவுக்கோ ஒரே ஆசை. குழந்தையை ஒரு தடவையாவது நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு புதன்கிழமை காலை, குடும்பப் பராமரிப்புக்கு நற்சான்று தரும் குழு வருவதாக இருந்தது. பெட்டிக்கொரு நாற்காலி, நாற்காலிக்கொரு அம்மா, அம்மாவின் நெஞ்சில் குழந்தை என்று பெரிய டாக்டர் ராமமூர்த்தி உத்தரவு போட்டிருந்தார். ஏழாம் நாற்காலி மட்டும் காலி. டாக்டர் பதறினார்.

“ஏழாம் நம்பர் அம்மா எங்க? ஜல்தி ஃபோன் போடுங்க!”

சிஸ்டர் ஃபோன் போட்டாள். தரை துடைத்துக்கொண்டிருந்தவளின் இடுப்பில் மணி அடித்தது.

“அரே, நீயா? இத்தனை நாளா ஏம்மா சொல்லல?”

“சொல்லியிருந்தா வெளிய நிறுத்தியிருப்பீங்க, சிஸ்டர்.”

சீருடையைக் கழற்றச் சொல்லி, ஆஸ்பத்திரி கவுனை மாட்டி உட்கார வைத்தார்கள். குழந்தை நெஞ்சில் பட்டதும் மேகலாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குழுவினர் நெகிழ்ந்துபோய் அவளைத்தான் படம் எடுத்தார்கள்.

அவர்கள் லிஃப்டில் இறங்கிய மறுநிமிடம், அம்மாக்களை வெளியே கிளம்பச் சொல்லிச் செக்யூரிட்டி கைதட்டினான்.

“சலோ, சலோ! மம்மி லோக் பாஹர்!”

குழந்தை கவுன் நாடாவைப் பிடித்திருந்தது. மேகலா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து அவளைப் பெட்டியில் கிடத்தினாள். வெளியே போய்ச் சீருடையை மாட்டினாள். மாப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அதே செக்யூரிட்டி கதவை அகலத் திறந்துவிட்டான்.