ஏழாம் இணைப்பு

அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்ததா இல்லையா என்று கடைசி வரை இழுத்தடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒரு வருடம் தாமதமாகக் கிடைத்தது. தாமதத்துக்குக் காரணம் நான்தான்.

ஏற்காட்டில் ஒரு கத்தோலிக்கப் பயிற்சி நிலையத்தில் அலுவலகப் பொறுப்பில் இருக்கிறேன். குருக்களையும் கன்னியர்களையும் உருவாக்குகிற இடம் அல்ல இது. குடும்பத்தில் இருக்கிறவர்களே இரண்டு வருடம் படித்து, அவரவர் பங்குக் கோயிலில் நோயாளிகளைப் பார்க்கவும், சாவு வீட்டில் துணையிருக்கவும், பிள்ளைகளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கவும் தயாராகிறார்கள். நிலையத்துக்கு அங்கீகாரம் இருந்தால்தான் அவர்கள் வாங்கும் சான்றிதழை வெளி மறைமாவட்டங்களில் மதிப்பார்கள். இல்லாவிட்டால் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அங்கீகாரம் கொடுக்கிறவர்கள் ஒரு நெறிமுறைப் புத்தகம் அனுப்பியிருந்தார்கள். அறிக்கையில் பொய் சொல்லக் கூடாது, படிக்க வந்தவர்களை வேலைக்காரர்களைப் போல நடத்தக் கூடாது, பார்வையிட வருகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கக் கூடாது என்று வரிசையாகப் போகும். அந்தப் பரிசு விதியைப் படித்துவிட்டு, பார்வையிட வரவிருந்த மூன்று பேருக்கும் கட்டி வைத்திருந்த காபித்தூள் பொட்டலங்களை நானே பிரித்து டப்பாவில் கொட்டினேன். அவ்வளவு சுத்தக்காரி நான். ஒவ்வொரு நெறியையும் நாங்கள் எப்படிக் கடைப்பிடிக்கிறோம் என்று எழுதி, அத்தாட்சியாக ஒரு தாளும் இணைக்க வேண்டும்.

ஏழாவது நெறியில் வந்து மாட்டிக்கொண்டேன். மக்கள் நம்பிச் சொல்வது காக்கப்படுகிறதா, அத்தாட்சி இணைக்கவும் என்று இருந்தது. ரகசியம் காக்கிறோம் என்பதற்கு எந்தத் தாளைக் கொடுப்பது? இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

எங்களிடம் படிப்பவர்கள் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து சந்திப்பு ஏடு என்று ஒன்று எழுதுவார்கள். அங்கே என்ன பேசினார்கள், தனக்கு என்ன தோன்றியது என்று. இயக்குநராக இருக்கும் சிஸ்டர் மட்டும் அதைப் படித்துவிட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். அலமாரிச் சாவி மற்றச் சாவிகளோடு என் இடுப்பில் இருக்கும். மூன்றாம் நாள் திறந்தேன்.

பத்து ஏடு புரட்டியிருப்பேன். ஒன்றில் ஒரு பக்கம். முப்பத்தைந்து வயதுக்காரி ஒருத்தி, முன்பு ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள், எழுதியது. ஒரு எஸ்டேட்டில் காபிப்பழம் பறிக்கிற அம்மா, தன் வீட்டில் பல வருடத்துக்கு முன் நடந்த ஒன்றை அவளிடம் சொல்லியிருந்தார். பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லாததாம். என்ன விஷயம் என்று கேட்காதீர்கள். கரடியூர்ப் பக்கமா, கொட்டச்சேட்டுப் பக்கமா என்றாலும் சொல்ல மாட்டேன். ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும்.

நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அதை டைப் அடித்தேன். பேரை எடுத்துவிட்டேன். எங்கள் ஆட்களை மக்கள் எவ்வளவு நம்புகிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று ஒரே பெருமை. முடிவு மட்டும் கொஞ்சம் மொட்டையாக இருந்ததால், 'இன்று அவர் மன அமைதியோடு வாழ்கிறார்' என்று ஒரு வரி சேர்த்தேன். சிஸ்டர் அப்போது சேலத்தில் கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தார். 'ஏழாம் இணைப்பு' என்று தலைப்புப் போட்டு, மூன்று பிரதிகளை அறிக்கையோடு பார்வையாளர்களுக்கு அனுப்பிவிட்டு, ஒன்றைக் கோப்பில் வைத்தேன்.

பார்வையாளர்கள் வருவதற்கு ஒரு வாரம் இருந்தது. எழுதியவளைச் சாப்பாட்டுக்கூடத்தில் பார்த்து, "உன்னோட பக்கத்தத்தான் அறிக்கையில வச்சிருக்கேன், கண்ணு" என்று முதுகில் தட்டினேன். அவள் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்கக்கா, அது சிஸ்டர் மட்டும் படிக்கறதுங்களே!"

"பேர எடுத்துட்டேன்ல? என்னமோ கொலை பண்ணிட்டாப்பல பாக்கற?"

"பேர எடுத்தாப் போதுங்களா? அது எந்த ஊடுன்னு இந்த மலையில யாருக்குங்க தெரியாது? வர்ற மூணு பேர்ல ஒருத்தரு நம்மூரு ஹெச்செம்மம்மாங்க."

உண்மைதான். மூன்றாமவர் இந்த மலையிலேயே தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எஸ்டேட் எஸ்டேட்டாக மூன்று தலைமுறைக்கு அவர்தான் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் நான் லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று இன்னும் நாலு வார்த்தை கத்திவிட்டுத்தான் சிஸ்டர் அறைக்குப் போனேன்.

ஆபரேஷன் முடிந்து திரும்பியிருந்த சிஸ்டர், கண்ணில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன்.

"ஒண்ணும் ஆகல சிஸ்டர். மூணு பேருக்கும் போன் போட்டு, தப்பான தாள் வந்துருச்சு, கிழிச்சுப் போட்டுருங்கன்னு சொல்லிடறேன்" என்றேன்.

"மொதல்ல அந்தம்மாகிட்டச் சொல்லணும். அதுக்கப்பறந்தான் இவங்க."

"அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாதுங்களே சிஸ்டர்!"

"அதனாலதான்" என்றார்.

மறுநாள் பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். சிஸ்டருக்கு முட்டிவலி, கண்ணும் சரியில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டே சரிவில் இறங்கினார். பழம் பறிக்கிற காலம். அந்த அம்மா வேலை முடிந்து வரும்வரை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டு வாசலில் நின்றோம். வந்ததும் டிரம்மில் தண்ணீர் மொண்டு கை கழுவிவிட்டு, "வாங்க சிஸ்டர், உள்ள வாங்க" என்றார். சிஸ்டர் பேசுவார் என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர், "செஞ்சது நீங்க. நீங்களே சொல்லுங்க" என்றுவிட்டார்.

சொன்னேன். அந்த அம்மா நின்றபடியே கேட்டார்.

"யாராரு படிச்சீங்க?"

"சிஸ்டர் மொதல்லயே படிச்சாங்க. அப்பறம் நானு. அனுப்பினது மூணு பேருக்குங்க."

"படிச்சுட்டு என்னங்க நெனச்சீங்க?"

"அழுதுட்டேங்க" என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "அழுதுட்டு, அப்பறம் டைப் அடிச்சீங்களாக்கும்?"

நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செருப்பில் சிவப்பு மண் அப்பியிருந்தது.

"எல்லாத் தாளும் எங்கைக்கு வரோணுங்க" என்றார். பிறகு, நான் சற்றும் எதிர்பாராமல், "அந்தப் புள்ளைக்கு இதனால ஏதாச்சும் ஆயிருமுங்களா? நொம்ப நல்ல புள்ளைங்க அது" என்றார். நடுத்தெருவில் நிறுத்தப்பட்டவர் அவர். கவலைப்பட்டதோ எழுதியவளுக்காக.

திரும்பி வந்ததும் சிஸ்டர் எழுதியவளைக் கூப்பிட்டு, வருகிறவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லப் போவதாகவும், அதனால் அங்கீகாரம் போனாலும் போகும் என்றும் சொன்னார். அவளுக்கு அது கடைசி வருடம். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லும் பணிக்கு அவளைக் கேட்டிருந்தார்கள். "சொல்லிடுங்க சிஸ்டர்" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நான்தான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூவரும் வந்து உட்கார்ந்ததும், காபி வருவதற்கு முன்பே சிஸ்டர் எழுந்து நின்று சொன்னார். "எங்க நிலையம் ஏழாவது நெறிய மீறிடுச்சு. அறிக்கையில அதையே அத்தாட்சின்னும் வச்சிருக்கோம்." மீறியது நான் என்று சொல்லவில்லை. எங்க நிலையம் என்றார். தாங்க முடியாமல் நானும் எழுந்து, "நாந்தானுங்க" என்றேன்.

குழுத்தலைவரான ஃபாதர் தன் கோப்பிலிருந்து தாளை உருவிக் கொடுத்தார். "தாளத் திருப்பித் தந்தர்றேன் சிஸ்டர். படிச்சத எப்படித் திருப்பித் தர்றது?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அடுத்து இருந்த பேராசிரியரும் தன்னுடையதைக் கொடுத்தார்.

ஹெச்செம்மம்மா தன் கைப்பையைத் திறந்தார். ஏழாம் இணைப்பைத் தனியாக எடுத்து, நாலாய் மடித்து, சுற்றிலும் பின் அடித்து வைத்திருந்தார்! "ரெண்டாவது வரியிலயே ஊடு தெரிஞ்சு போச்சு. அதுக்கு மேல படிக்கறது எனக்கு ஞாயமில்லைன்னு அன்னிக்கே பின் அடிச்சுட்டேன். நீங்களா கேக்கறீங்களான்னு பாக்கலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன்" என்றார். கேட்காமல் இருந்திருந்தால்? ஏழாவது நெறி என்றால் என்ன என்று அந்தப் பின்களைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் புத்தகத்தை நான் வரி விடாமல் படித்தவள், ஆனாலும் அதற்கு முன் புரிந்திருக்கவில்லை.

அங்கீகாரத்தை ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி வேலைக்கு வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள். எழுதியவள் என்னைக் குறை சொல்லவில்லை. அந்த வருடம் முழுக்க அவள் எங்கள் நிலையத்திலேயே சமையலுக்கு உதவிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தாள்களைக் கொடுக்க நான் தனியாகப் போனேன். டைப் அடித்தவை நாலு, ஏட்டிலிருந்து எழுதியவளே கிழித்துக் கொடுத்தது ஒன்று. அந்த அம்மா எண்ணி வாங்கி, டைப் அடித்ததில் ஒன்றை என்னிடமே நீட்டினார்.

"ஒருக்காப் படிங்க. நாஞ் சொன்னதுதானான்னு பாக்கறேன்."

படித்தேன். தலையாட்டிக்கொண்டே கேட்டவர், கடைசி வரி வந்ததும் கையை உயர்த்தினார்.

"அமைதியா? நான் அப்படிச் சொல்லலீங்களே."

"அது நான் சேத்ததுங்க."

"எனக்கு இன்னும் வரலீங்க அது" என்றார். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மழை இன்னும் வரவில்லை என்பது போலச் சொன்னார். "அந்த வரிய அடிச்சிருங்க. மத்ததெல்லாம் நெசம்."

நாலு தாளிலும் அந்த வரியைப் பேனாவால் அடித்தேன். ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து மடித்துக்கொண்டார். நான் எழுந்தேன். "உக்காருங்க மேடம்" என்றார். கடுங்காபி போட்டுக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னார். எழுதியவளிடம்கூடச் சொல்லாதது. அதை ஏன் என்னிடம் சொன்னார்? அவர் நம்பிச் சொன்னதை வெளியே விட்டவள் நான் ஒருத்திதானே! காபி ஆறிப்போனது. எனக்கு அவர் முன்னால் உட்கார்ந்திருக்கவே கூச்சமாகவும், எழுந்து போக மனசில்லாமலும் இருந்தது.

இதை எழுதும் முன் அவரிடம் போய்க் கேட்டேன். எழுதியதை வாசித்தும் காட்டினேன். இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன்.

அடுத்த வருடம் அதே மூவர் வந்தார்கள். இந்த முறை அறிக்கையில் ஏழாம் இணைப்பு இல்லை. ஏடு வைக்கிற அலமாரியின் சாவியும் இப்போது என்னிடம் இல்லை. ஃபாதர் பக்கங்களைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போன வருசம் அப்படி ஆனதுக்கு அப்பறம், உங்கள நம்பி இன்னும் யாராச்சும் மனசு விட்டுப் பேசறாங்களா? ஒண்ணாவது சொல்ல முடியுங்களா?"

கடுங்காபியும் அந்த அம்மாவின் முகமும் என் கண்முன் வந்து நின்றன. எழுதியவள் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் சான்றிதழ் அன்றைக்கே உறுதி.

"சொல்ல முடியாதுங்க ஃபாதர்" என்றேன்.

ஹெச்செம்மம்மா பேனாவை எடுத்து, ஏழுக்கு நேராக ஒரு டிக் போட்டார்.